ரயில் காட்டாத ஊர்கள்

போகிக்கு முந்தைய நாள் பரணைக் காலி செய்தபோது, பழைய தகரப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஜோடி பழுப்பு ஷூ வெளியே வந்தது. மருமகள் அதைத் தூசி தட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இது ரெண்டும் ஒரே ஜோடி இல்லையே? இடது கால் முன்பக்கம் உருண்டையா இருக்கு, வலது கால் கொஞ்சம் கூரா இருக்கு. தையல்கூட வேற மாதிரி" என்றாள். பழந்துணி மூட்டையோடு போய்விடப் போகிறதே என்று எழுந்துபோய் வாங்கிக்கொண்டேன். முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும் தோல் மணம் முழுசாகப் போகவில்லை. "இடது கால் ஆம்பூர்ல செஞ்சது, வலது கால் ஆக்ராவுல செஞ்சது" என்றேன். அவள் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அரக்கோணம் ரயிலால் வளர்ந்த ஊர். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. என் அப்பா கார்டு. கறுப்பு லைன் பெட்டியும் பச்சை, சிவப்புக் கொடிகளும் எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்பே ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். மேற்கே போனால் சித்தேரி, மகேந்திரவாடி, சோளிங்கர், வாலாஜா ரோடு, முகுந்தராயபுரம், திருவலம், காட்பாடி. வடக்கே போனால் திருத்தணி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், ரேணிகுண்டா. அதற்கும் மேலே கடப்பா, குண்டக்கல், ராய்ச்சூர், வாடி. ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தியா இப்படித்தான் மனப்பாடம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. இருட்டும் வயலும் சிக்னல் விளக்கும் இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் நாங்கள் நாலு பேர் ஆக்ராவுக்குக் காரில் போகப்போகிறோம் என்றதும் அப்பாவுக்குப் புரியவே இல்லை. "பாஸ் கீது, ரயில் கீது. சென்ட்ரலுக்குப் போயி ஜி.டி. புடிச்சா நேரா ஆக்ராவுல எறக்கி வுடுவான். இன்னாத்துக்குடா பெட்ரோல ஊத்திகினு போறீங்கோ?" என்றார். நியாயமான கேள்விதான். ஜி.டி. எக்ஸ்பிரஸ் நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று நாங்கள் போகவேண்டிய ஊர்களை எல்லாம் தொட்டுக்கொண்டு போகிற வண்டி.

அப்போது ஊர் நூலகத்தில் 'நடந்தாய் வாழி காவேரி' படித்திருந்தேன். சிட்டியும் தி. ஜானகிராமனும் நண்பர்களோடு காவிரிக்கரை நெடுகப் போய்வந்து எழுதிய புத்தகம், 1971-ல் வந்தது. அதைப் படித்ததிலிருந்தே நினைத்த இடத்தில் இறங்கி நிற்கிற ஒரு பயணம் போகவேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டிருந்தது. ரயிலில் நாம் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. இறங்குவதென்றால் சங்கிலியை இழுக்க வேண்டும், கார்டு வந்து அபராதம் போடுவார். அந்தக் கார்டு என் அப்பாவாகவே இருக்கவும் வாய்ப்புண்டு.

நாலு பேரில் ஒருவனுக்கு லோகோ என்று பெயர். அவன் அப்பா லோகோ ஷெட்டில் ஃபிட்டர். இன்னொருவன் எம்.ஆர்.எஃப். ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான், அதனால் டயர். மூன்றாமவன் ஆம்பூர்க்காரன், எங்களுக்கு பாய். வேலூர் ஊரீசு கல்லூரியில் எங்களோடு படித்தவன். கிழக்கேயிருந்து நாங்களும் மேற்கேயிருந்து அவனும் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி, ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம். அங்கே தொடங்கிய நட்பு. அவனுடைய மாமாவுக்குத் தோல் ஷாப்பும் சின்னதாக ஒரு ஷூ கம்பெனியும் இருந்தன. ஆக்ராவில் ஒரு வியாபாரிக்கு சாம்பிள் காட்ட வேண்டும். பார்சலில் அனுப்பினால் மடங்கி நசுங்கிப் போகிறது, ஆளே கொண்டுபோனால் நல்லது என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, காரையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிட்டான் பாய்.

கார் வெள்ளை மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் காரின் சாவியை இந்திரா காந்தி தன் கையால் கொடுத்தாரே, அந்த வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாலு கியர், 12 அங்குலச் சக்கரம். அம்பாசிடரும் ஃபியட்டும் மட்டுமே பார்த்துப் பழகிய எங்கள் தெருவில் அது வந்து நின்றபோது, பெரியவர் ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல நாலு பேரா? டெல்லி ரோட்டுலயா?" என்று கேட்டார். கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளி 1992-ல் எங்கள் ஊருக்கு வந்தது. அதற்கும் சில வருஷம் முந்திய கதை இது. நாலுவழிச் சாலை என்பதை நாங்கள் சினிமாவில்தான் பார்த்திருந்தோம்.

டயர்தான் வண்டிக்குப் பொறுப்பு. இரண்டு ஸ்டெப்னி, டியூப், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிளக், பாயிண்ட் செட் எல்லாம் எடுத்துவைத்தான். லோகோவின் அம்மா பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் புளிக்காய்ச்சல் கொடுத்தார். வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் பாலிதீன் பை போட்டு, மறுபடி கயிறு சுற்றி. "வெறும் சோறு கெடச்சா போதும், பொழச்சிக்குவீங்க" என்றார்.

பொங்கல் கழிந்து விடியற்காலையில் கிளம்பி, சோளிங்கர் மலையைக் காரிலிருந்தே கும்பிட்டுவிட்டு, வாலாஜா, ராணிப்பேட்டை, வேலூர் வழியாக ஆம்பூர் போய்ச் சேர்ந்தோம். பாயின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். காலைச் சாப்பாட்டுக்கே பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் அரைத்துப் போட்ட சிவப்பு, பக்கத்தில் புளிப்பாகக் கத்தரிக்காய். "வயிறு நிறைய சாப்டுங்க பேட்டா, வழியில என்ன கிடைக்குமோ" என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். ஆம்பூரில் காலையில் பிரியாணி சாப்பிடுவது விசேஷம் ஒன்றுமில்லை. எங்களுக்குத்தான் விசேஷம்.

சாம்பிள் வாங்க மாமாவின் தோல் ஷாப்புக்குப் போனோம். ஆம்பூரை ரயிலில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். ஊர் நெருங்கும்போதே ஜன்னலோரம் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், ஷட்டர்களை இறக்குவார்கள். எனக்கு ஆம்பூர் என்றால் அந்த இறக்கிய ஷட்டர்தான். அன்றைக்குத்தான் உள்ளே போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக் குழிகளில் இடுப்புவரை இறங்கி நின்று தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரத்தைவிடப் பெரிய மர டிரம்கள் மெதுவாகச் சுற்றின. ஒரு மூலையில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் குவிந்து கிடந்தன. பழைய முறையில் பதனிடுவதை மாமா அப்போதும் விடாமல் வைத்திருந்தார். பட்டையின் மணம் இனிப்பும் துவர்ப்புமாக இருந்தது. மூக்கைப் பொத்தவைத்த நாற்றம் குழியிலிருந்து வருவது. பதமான தோலின் மணம் வேறு. அந்த வேறுபாடு ரயிலில் போகிறவனுக்குத் தெரிய வழியில்லை.

குழிகளின் தண்ணீர் எங்கே போகிறது என்று டயர் கேட்டான். மாமா பாலாறு இருந்த திசையில் கையைக் காட்டினார். அதைப் பற்றி அன்று நாங்கள் மேற்கொண்டு பேசவில்லை. பிற்பாடு பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டுப்போனதும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் ஊரறிந்த சங்கதிகள். குழியில் நின்றவர்களின் வெளுத்துத் தோலுரிந்த பாதங்களை நான் மறக்கவில்லை. நாடெல்லாம் ஷூ போட்டு நடக்க, அவர்கள் வெறுங்காலோடு சுண்ணாம்பில் நின்றார்கள்.

சாம்பிள் பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். எல்லாமே இடது கால் ஷூ. சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான் அனுப்புவார்களாம். வழியில் யாராவது எடுத்தாலும் போட்டுக்கொள்ள முடியாது, விற்கவும் முடியாது. இந்த வழக்கம் எங்களை ஒரு மாநில எல்லையில் காப்பாற்றியது. செக்போஸ்டில் பெட்டியைப் பார்த்ததும் வியாபாரச் சரக்கு, வரி கட்டு என்று நிறுத்திவிட்டார்கள். பாய் ஒன்றும் பேசாமல் ஷூக்களை மேஜைமேல் வரிசையாக வைத்தான். அந்த அதிகாரி இடது, இடது, இடது என்று பார்த்துக்கொண்டே போய், கடைசி ஷூவைக் கையில் எடுத்ததும் சிரித்துவிட்டார். டீ சொல்லி அனுப்பினார்.

கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், அனந்தப்பூர் என்று பழைய ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை போன அந்தச் சாலைதான் அன்றைக்கு நாட்டிலேயே நீளமானது. இப்போது அதன் பெரும்பகுதி ஸ்ரீநகர்–கன்னியாகுமரி 44-ஆம் எண்ணில் சேர்ந்துவிட்டது. மஞ்சள் தலை வைத்த மைல்கற்கள்தான் எங்களுக்குத் துணை. தமிழில் இருந்த கல் ஓசூருக்கு அப்பால் கன்னடமானது. பாகேபள்ளி தாண்டித் தெலுங்கானது. தெலுங்கு மட்டும் எனக்குத் தெரியும், திருத்தணிப் பக்கத்து ரயில்வே வீடுகளில் பாதி தெலுங்கு வீடுகள். கர்நூலில் துங்கபத்திரைப் பாலம் கடந்து ஹைதராபாத் நெருங்க நெருங்க, பாயின் வீட்டு உருதுவுக்கு மவுசு வந்துவிட்டது. ஆம்பூர் வீடுகளில் பேசுகிற அதே தக்கனி உருது அங்கே டீக்கடைக்காரரும் பேசினார். "எந்த ஊர் மியான்?" என்று விசாரித்து, ஆம்பூர் என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய உறவுக்காரர் ஒருவர் வாணியம்பாடியில் பெண் எடுத்திருந்தாராம்.

நிர்மல் தாண்டி மலைப்பாதை. இருபுறமும் தேக்குக் காடு, ஆள் நடமாட்டமே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கிளட்ச் கேபிள் அறுந்தது. கேபிள் கையில் இருக்கிறது, டார்ச்சில் பேட்டரி இல்லை. டயர் காருக்கடியில் படுத்துத் தடவிக்கொண்டிருந்தான். அப்போது ஒரு லாரி வேகம் குறைந்து எங்களுக்கு முன்னால் நின்றது. பின்பக்கம் தமிழில் எழுதியிருந்தது. நாமக்கல் வண்டி.

டிரைவர் இறங்கி வந்தார். நடுத்தர வயசு, தலையில் மப்ளர், நெற்றியில் திருநீறு. மாருதியைப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இந்தச் சின்னஞ்சிறுசை ஓட்டிட்டு இத்தனை தொலவா வந்தீங்க?" என்றார். கிளீனரிடம் விளக்கு எடுத்துவரச் சொல்லி, தானே முழங்காலிட்டுப் பிடித்துக்கொண்டார். கேபிள் மாட்டி முடிவதற்குள் கிளீனர் லாரியின் டூல் பெட்டியிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பை எடுத்துப் பற்றவைத்து உலை வைத்துவிட்டான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். அரிசியும் அடுப்பும் இல்லாமல் வடக்கே போகமாட்டார்கள். "ரொட்டி எத்தனை நாளைக்குத் தின்கறதுங்க? நம்ம வயிறு கேட்கோணுமே" என்றார். நாங்கள் கிளம்ப எத்தனித்ததும், "சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும், காட்டுக்குள்ள ராத்திரியில ஒத்தை வண்டி போகப்படாது, எம் பொறவாலயே வாங்க" என்று சொல்லிவிட்டார்.

லோகோ ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்தான். கயிறு, பாலிதீன், துணி எல்லாம் அவிழ்த்தான். ஆவி பறக்கிற சோற்றில் கொட்டிக் கிளறியதும் அந்தக் காட்டில் எழுந்த மணத்துக்கு, கொஞ்ச தூரத்தில் நிறுத்தியிருந்த இன்னொரு தமிழ் லாரியின் ஆட்களும் தட்டோடு வந்துவிட்டார்கள். டிரைவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஊடு உட்டு ஒன்றரை மாசமாச்சுங்க" என்றார். ஆதிலாபாத் வரை அவருடைய பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே போனோம். பிரியும்போது பாட்டிலில் மிச்சம் இருந்ததில் பாதியை லோகோ அவருடைய தூக்குச்சட்டியில் வழித்துக் கொடுத்தான். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, அண்ணே என்றுதான் கூப்பிட்டோம்.

மறுநாள் பென்கங்கா ஆற்றைத் தாண்டி மகாராஷ்டிரம். ஹிங்கன்காட் பக்கம் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. மாட்டுவண்டிகள், பருத்திப் பொதி ஏற்றிய லாரிகள், சைக்கிள்கள், நடுவில் நாங்கள். என் பிறவியில் கேட்டுக்கு வெளியே நின்று ரயிலுக்காகக் காத்திருந்தது குறைவு. தூரத்தில் ஹார்ன் கேட்டதுமே லோகோ இறங்கி ஓடினான். டெல்லியிலிருந்து வருகிற ஜி.டி. மெதுவாகத்தான் போனது. பெட்டிப் பலகைகளில் தமிழ் எழுத்து. ஜன்னலோரம் ஒரு தாத்தா, மடியில் பேப்பர், எங்களைப் பார்த்தும் பார்க்காத கண்கள். கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக்கொடியை நீட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் நாலு பேரும் கை காட்டினோம். அவரும் காட்டினார். எத்தனை ஆயிரம் கேட்டுகளில் எத்தனை பேர் இப்படி என் அப்பாவுக்குக் கை காட்டியிருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்தேன்.

ஹிங்கன்காட்டைப் பற்றி ஒரு விஷயம் பல வருஷம் கழித்துப் படித்தேன். 1802-ல் சென்னைப் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன், வடக்கு நோக்கி அளந்துகொண்டே வந்து 1823-ல் அந்த ஊரில்தான் இறந்தார். இருபது வருஷத்துக்கு மேல் சங்கிலியும் கருவியுமாக அவர் வந்த தூரத்தை நாங்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்திருக்கிறோம். முன்பே தெரிந்திருந்தால் அவருடைய கல்லறையைத் தேடிப் போயிருப்பேன். ஒரு மனிதர் எங்கள் பக்கத்திலிருந்து புறப்பட்டு அங்கே வந்து முடிந்திருக்கிறாரே.

நாக்பூரில் ஊருக்குச் சேதி சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் வீடுகளில் போன் கிடையாது. பக்கத்துக் கடைக்கு பி.பி. கால் போட்டு, ஆள் ஓடிவந்து கூப்பிட்டு, அப்பா வருவதற்குள் பணம் ஓடிவிடும். லோகோ நேராக நாக்பூர் ஸ்டேஷனுக்குள் போனான். பணியில் இருந்தவரிடம் தன் அப்பா சதர்ன் ரயில்வே, அரக்கோணம் லோகோ ஷெட் என்றான். அவர் நாற்காலியைக் காட்டினார். ரயில்வே போனில் ஒவ்வொரு கண்ட்ரோலாகத் தாண்டி, மெட்ராஸ் பிடித்து, அரக்கோணம் ஷெட்டில் மணி அடித்தது. "நைனா, நாக்பூர் வந்துட்டோம்" என்று அவன் கத்தியது பிளாட்பாரம் முழுக்கக் கேட்டிருக்கும். அன்று சாயந்திரத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சேதி தெரிந்துவிட்டதாம்.

சிவனி, லக்னாதோன் தாண்டி பர்மான் என்ற இடத்தில் நர்மதை. ரயிலில் போகும்போது பெரிய ஆற்றுப் பாலம் வந்தால் ஜன்னல் வழியே காசு வீசுவது எங்கள் வழக்கம். கும்பிடக் கை எழும்புவதற்குள் பாலம் முடிந்துவிடும். அங்கே இறங்கி, படித்துறையில் உட்கார்ந்து, குளிரக் குளிர முங்கி எழுந்தோம். சங்கராந்தித் திருவிழாக் கடைகள் இன்னும் பிரிக்காமல் இருந்தன. ஒரு கிழவி எங்கள் நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். மெட்ராஸ் என்றதும், ராமேஸ்வரம் பார்த்திருக்கிறாயா என்றாள். நாலு பேரில் ஒருவனும் பார்த்ததில்லை. அவள் பார்த்திருந்தாள்.

குவாலியரில் பெட்ரோல் போடும்போது, இருட்டியபின் சம்பலைத் தாண்டாதீர்கள் என்றார்கள். சம்பல் கொள்ளைக்காரி பூலான் தேவி 1983-லேயே சரணடைந்திருந்தார். ஆனால் பயம் சரணடையவில்லை. அங்கேயே தங்கி, விடிந்ததும் கிளம்பினோம். ஆள் உயரத்துக்கும் மேலாக மண் பிளந்து பிளந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்குகளைக் காலை வெயிலில் பார்த்தபோது பயம் வரவில்லை, பிரமிப்புதான் வந்தது.

ஆக்ராவில் தாஜ்மகாலைப் பார்த்தோம். அதைப் பற்றி எழுதாதவர் யார்? நான் சொல்ல வேண்டியது ஹிங் கி மண்டியைப் பற்றி. பெருங்காயத்தின் பெயரில் ஒரு சந்தை, விற்பதெல்லாம் ஷூ. சந்துக்குள் சந்து. வீட்டு வாசலில், திண்ணையில், மாடிப்படிக்குக் கீழே என்று எங்கு பார்த்தாலும் ஆட்கள் சம்மணமிட்டு ஷூ தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பூரில் அதைப் பெரிய கூடத்தில், வரிசை மெஷினில் செய்தார்கள்; இங்கே குடும்பமே உட்கார்ந்து கையால் செய்தது. வியாபாரி சாம்பிளைப் பார்த்துவிட்டு, எங்களைத் தனக்கு வழக்கமாகச் செய்து கொடுக்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப்போனார்.

சின்ன அறை. சுவரில் நீலக் கோட்டு அம்பேத்கர் படம், மாலை போட்டு. டயர் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவன் அப்பா வட ஆற்காட்டு ரிபப்ளிகன் கட்சிக்காரர். அவர்கள் வீட்டிலும் அதே படம், அதே நீலக் கோட்டு. கும்பிட்டான். பெரியவர் கையிலிருந்த வேலையை நிறுத்தினார். பாய் மொழிபெயர்க்க, 1956 மார்ச்சில் பாபாசாகேப் ஆக்ராவுக்கு வந்து பேசியபோது தான் கூட்டத்தில் நின்று கேட்டதாகச் சொன்னார். அதன்பிறகு நாங்கள் வியாபாரத்துக்கு வந்தவர்களாக இல்லை. அவருடைய பேத்தி எங்களுக்கு ரொட்டி கொண்டுவந்தாள்.

பெரியவர் ஒரு இடது ஷூவை எடுத்து, கட்டை விரலால் தோலை அழுத்தி விட்டுப் பார்த்தார். மடக்கினார், சுருக்கம் எப்படி விரிகிறது என்று பார்த்தார், முகர்ந்தார். "மெட்ராஸ் தோல்" என்றார். எங்கள் ஊர்ப் பட்டையின் மணம் அவருக்குத் தெரிந்திருந்தது! பிறகு என் காலைப் பார்த்து, போட்டுப் பார் என்று ஜாடை காட்டினார். ஒன்பதாம் நம்பர், எனக்குச் சரியாகப் பொருந்தியது. நான் ஒரு காலில் ஷூவோடு நின்றேன். பாய் கொண்டுவந்திருந்த தோல் துண்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். நாளை வா என்றார். மறுநாள் போனபோது வலது கால் தயாராக இருந்தது. அவரிடம் இருந்த மரக்கட்டை சற்றுக் கூர்முனை, அதனால் முன்பக்கம் அப்படி. தையல் கைத்தையல், மெழுகு நூல். பணத்தை வாங்கிக்கொள்ளவே இல்லை. அந்த ஷூவோடுதான் என் கல்யாண வரவேற்பில் நின்றேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரும்பும்போது கர்நூலிலிருந்து பெங்களூர்ப் பக்கம் போகாமல், கடப்பா, ராஜம்பேட்டை வழி பிடிக்கலாம் என்றேன். அப்பா ஓடுகிற லைன். நாங்கள் மனப்பாடமாகச் சொல்லிய ஸ்டேஷன்களை அன்று எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். ரயில் ஊருக்கு முதுகுப்பக்கமாகத்தான் நுழைகிறது. கொல்லைச் சுவர், குப்பைமேடு, காயும் துணி. சாலையில் வந்தால் அதே ஊர் முகத்தைக் காட்டி நிற்கிறது. கோயில் கோபுரம், பூக்கடை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்.

நந்தலூரில் டீ குடிக்க நிறுத்தினோம். ரயில்வேயில் நந்தலூர் என்றால் நீராவி எஞ்சின் ஷெட்டும் ரன்னிங் ரூமும்தான். அப்பா ராத்திரி வண்டியில் போய் அங்கே தூங்கி எழுந்து அடுத்த வண்டியில் திரும்பிய காலம் உண்டு. டீக்கடைப் பெரியவரிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில், என் அப்பா அரக்கோணம் கார்டு என்றேன். அடையாளம் சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. "நெற்றியில் தழும்பு இருக்குமே, அவர்தானே? ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் சீட்டாடுவார்கள். அவர் மட்டும் சௌம்யநாதர் கோயிலுக்கு நடந்துபோவார். பிராகாரம் சுற்றுவார். உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தபோது நூற்றெட்டுச் சுற்று வேண்டிக்கொண்டார்" என்றார்.

அம்மா சாகப் பிழைக்கக் கிடந்த வருஷம் எனக்கு நினைவிருந்தது. அப்பா வீட்டில் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. சோளிங்கருக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார். கோயிலுக்குப் போனோம். பெரிய மதில், விசாலமான பிராகாரம், மத்தியானத்தில் ஒரு ஆள் இல்லை. கருங்கல் தளம் சுட்டது. நான் சுற்றினேன். பாயும் வெளியே நிற்காமல் மதிலோரமாக என்னோடு நடந்து வந்தான். வரும் வழியில் கோடூரில் அப்பா வழக்கமாக வாங்கிவரும் வாழைப்பழத்தையும் ஒரு தார் வாங்கிக் காருக்கு மேலே கட்டினோம்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் அப்பா தாரைத்தான் முதலில் பார்த்தார். "கோடூரா?" என்றார். "ஆமாம், நந்தலூரும் போனேன்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காரைச் சுற்றிவந்து டயரைக் கையால் தட்டிப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இழுத்துகீது" என்றார். அதன்பிறகு, நானாக ஒன்றும் கேட்காமலே, சாயந்திரங்களில் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகச் சொல்லத் தொடங்கினார். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்கள், குண்டக்கல் ரன்னிங் ரூம் சமையல்காரர், ராய்ச்சூர் வெயில். ஸ்டேஷனுக்கு வெளியே அவருக்கு இத்தனை ஊர் இருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இப்போது எங்கள் பக்கத்தில் சென்னை–பெங்களூரு விரைவுச் சாலை போடுகிறார்கள். 262 கிலோமீட்டர், வயலுக்கு நடுவே புதிதாக வெட்டிக்கொண்டு போகிற சாலை. அரக்கோணத்தைத் தொட்டுச் சித்தூர் பக்கமாகப் போய்விடும். வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் அதில் வராது. பழைய சாலையிலும் பள்ளிகொண்டா, வாணியம்பாடி சுங்கச்சாவடிகளில் கண்ணாடியை இறக்க வேண்டியதில்லை. ஏ.சி. போட்டுக்கொண்டு போனால் ஆம்பூர் வந்ததே தெரியாது. பழைய குழிகள் போய்விட்டன, கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. தலையில் பூ, மடியில் சாப்பாட்டு டப்பா. அந்தப் பஸ்களுக்குப் பின்னால் மெதுவாகப் போகவேண்டி வந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. உலகம் போட்டு நடக்கிற ஷூவில் அந்தக் கைகளின் வேலையும் இருக்கிறது.

பரணைக் காலி செய்த அன்று சாயந்திரமே பாய்க்குப் போன் செய்தேன். ஷூ கிடைத்த கதையைச் சொன்னதும், அவன் பேரன் பேத்திகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். லோகோ ரிட்டயர் ஆகித் திருவள்ளூரில் இருக்கிறான், டயருக்கு முழங்கால் வலி. இருந்தாலும் மூன்று பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நாக்பூர் வரையாவது போய்வருவது என்று முடிவாயிற்று. ஓட்டுவது என் மகன். அவன் போனில் வழி பார்த்துவிட்டு, விரைவுச் சாலை திறந்த பிறகு போனால் இவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்குச் சொன்னான். காத்திருக்க முடியாது, பழைய ரோட்டிலேயே கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டேன். பாயின் வீட்டில் காலைச் சாப்பாடு, அங்கிருந்து கிருஷ்ணகிரி. எத்தனை பேர் என்று அவன் மனைவி கேட்டிருக்கிறார், அரிசி ஊறவைக்க வேண்டுமாம்.